பச்சை மோதிரம் என்ன செய்யும், எங்கே நின்றுவிடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் காமிக்ஸ் படிக்கிற பிள்ளைகளும், அவர்களைவிட ஆர்வமாகப் படிக்கிற பெரியவர்களும் கிரீன் லேன்டர்ன் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. டி.சி. காமிக்ஸின் நாயகன் அவன். விரலில் ஒரு பச்சை மோதிரம். மனத்தில் நினைத்ததைப் பச்சை ஒளியால் கண்முன் உருவாக்கிவிடுவான். "நினைச்சதெல்லாம் நடக்கும்னா அப்புறம் கதை எப்படி ஓடும்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த மோதிரத்தால் எது முடியாது என்பதில்தான் நல்ல கதைகள் எல்லாம் பிறந்திருக்கின்றன என்பது என் கட்சி. அதனால் பதில்கள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

மோதிரம் சரியாக என்னென்ன செய்யும்?

பறக்க வைக்கும். காற்றில்லாத விண்வெளியில் உயிரைக் காக்கும் கவசமாக உடம்பைச் சுற்றி நிற்கும். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் கொண்டுபோகும். எதிரில் இருப்பது என்ன, யார் என்று ஆராய்ந்து சொல்லும். அந்நிய மொழிகளைப் பெயர்த்துத் தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அணிந்தவன் மனத்தில் உள்ள உருவத்தைத் திடமான ஒளியாக வார்த்துத் தரும். கை, கூண்டு, பாலம், விமானம், சுவர், எதுவானாலும் சரி. இந்த ஒளியுருவைத் தொடலாம், அது எடை தாங்கும், இடியை வாங்கும். அணிந்தவன் கவனம் சிதறினாலோ மயங்கி விழுந்தாலோ அது கலைந்துபோகும். அவன் மனம் பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான் அதற்கு ஆயுள்.

இது மந்திரமா, மிஷினா? (ஒரு அப்பத்தா கேட்டது. பேரன் படிப்பதைக் கூட உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.)

இரண்டும் உண்டு. இரண்டு வேறு மோதிரங்கள் இருப்பதால்தான் பலருக்கும் குழப்பம்.

முதலாவது 1940-இல் வந்தது. மார்ட்டின் நோடெலும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய ஆலன் ஸ்காட் ஒரு ரயில்வே என்ஜினியர். பாலம் தகர்க்கப்பட்டு ரயில் கவிழ்கிறது. ஒரு பச்சை விளக்கைப் பற்றியிருந்த அவர் மட்டும் பிழைக்கிறார். வானத்திலிருந்து சீனாவில் விழுந்த எரிகல்லின் உலோகத்தில் செய்த விளக்கு அது. அந்த விளக்கிலிருந்தே ஒரு மோதிரம் செய்துகொள்கிறார். இது மந்திர மோதிரம்.

இரண்டாவது 1959-இல் வந்தது. ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், கதை ஜான் புரூம், படம் கில் கேன். விண்வெளி மோகம் பிடித்திருந்த காலம் என்பதால் மந்திரத்தை விட்டுவிட்டு அறிவியலுக்குப் போனார்கள். ஏபின் சூர் என்ற வேற்றுக்கிரகவாசி பூமியில் விழுந்து சாகும் தறுவாயில் இருக்கிறான். விமானச் சோதனையோட்டி ஹால் ஜோர்டனிடம் அவனுடைய மோதிரம் வந்து சேர்கிறது. அப்பத்தாவுக்கு நான் சொன்ன பதில்: "பெரியவர் மோதிரம் மந்திரம், சின்னவர் மோதிரம் மிஷின்." கீழே பெரும்பாலும் சின்னவர் மோதிரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அந்த மோதிரம் யாருக்குச் சொந்தம்?

ஹால் ஜோர்டனுக்குச் சொந்தமில்லை. ஓவா என்ற கிரகத்தில் இருக்கும் நீலத்தோல் காவலர்களுக்குச் சொந்தம். பிரபஞ்சத்தை 3600 வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒருவரிடம் மோதிரம் கொடுத்து வைத்தார்கள். இவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் கிரீன் லேன்டர்ன் படை. பிற்காலக் கதைகளில் வட்டாரத்துக்கு இருவர் ஆனார்கள். நம் பூமி இருப்பது 2814-ஆம் வட்டாரம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்குவது எளிது. அந்தக் காலத்தில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பர்மாவிலோ மலேயாவிலோ கடையை நடத்துவது ஏஜெண்டு. மூன்று வருடக் கணக்கு. கையில் அதிகாரப் பத்திரம் இருக்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால் அவர் சொல்வதுதான் முடிவு. ஆனால் பணமும் பேரும் முதலாளியுடையவை. கணக்குக் கேட்டால் காட்டியாகவேண்டும். பச்சை மோதிரமும் அப்படி ஒப்படைக்கப்பட்ட அதிகாரம்தான். ஒருவரிடம் எவ்வளவு நம்பி ஒப்படைக்கலாம் என்பதே இந்தக் கதைகளின் நிரந்தரக் கவலை. கோருகர் கிரகத்தின் சினெஸ்ட்ரோ படையிலேயே கெட்டிக்காரன். ஒழுங்கு வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தன் சொந்தக் கிரகத்துக்கே சர்வாதிகாரி ஆனான். காவலர்கள் மோதிரத்தைப் பறித்து அவனை நாடுகடத்தினார்கள். 1961-இல் முதலில் தலைகாட்டிய அவன்தான் இன்றுவரை பெரிய வில்லன்.

யாருக்கு மோதிரம் கிடைக்கும்? நான் நல்ல பையன், எனக்குக் கிடைக்குமா?

அணிந்தவர் இறந்தால் மோதிரமே பறந்துபோய் அந்த வட்டாரத்தில் தகுதியானவரைத் தேடும். பழைய கதைகளில் தகுதி என்றால் நேர்மையும் பயமின்மையும். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள்: பயமே இல்லாதவர் வேண்டாம், பெரிய பயத்தை மீறி வரக்கூடியவர் வேண்டும். எனக்கு இந்தத் திருத்தம் மிகவும் பிடிக்கும். ஜெசிகா குரூஸ் என்ற பெண் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்கவே நடுங்கியவள். 2016-இல் அவள் கிரீன் லேன்டர்ன் ஆனாள். மோதிரம் வந்தபிறகும் அவளுடைய நடுக்கம் போய்விடவில்லை. நடுக்கத்தோடுதான் பறக்கிறாள். மேடையேறப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு முதலில் நான் எடுத்துக் கொடுப்பது அவள் கதையைத்தான்.

சார்ஜ் போடணுமா?

சிக்ரி இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் இந்தக் கேள்வியை விடுவார்களா! பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் 1953 முதல் இயங்குகிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்தது.

ஆமாம், போடவேண்டும். லாந்தர் விளக்கு வடிவில் ஒரு பேட்டரி உண்டு. மோதிரத்தை அதில் காட்டி, இரவானாலும் பகலானாலும் தீமை என் கண்ணுக்குத் தப்பாது என்ற பொருளில் ஒரு உறுதிமொழி சொல்லிச் சார்ஜ் ஏற்றுவார்கள். இதில் கவனிக்கவேண்டியது, அந்த விளக்கு தன்னளவில் சக்தியைச் சேர்த்து வைப்பதில்லை. ஓவாவில் உள்ள மையப் பேட்டரியிலிருந்து சக்தியை வாங்கித் தருகிறது. மையம் அணைந்தால் எந்த விளக்கும் உதவாது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பழைய கதைகளில் 24 மணி நேரம், அவ்வளவுதான். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நேரம் ஓடும். கெடு முடிகிற நேரம் பார்த்து வில்லன் வந்து நிற்பான். புதிய கதைகளில் உபயோகத்தைப் பொறுத்துக் குறையும். இத்தனை சதவீதம் மிச்சம் என்று மோதிரமே சொல்லும். கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கிறது. கதைக்கு முதல் முறையே உத்தமம் என்று நினைக்கிறேன். கெடு எப்போது முடியும் என்று வாசகனுக்கும் தெரிந்திருந்தால்தான் பக்கத்துக்குப் பக்கம் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மஞ்சள் நிறத்தின் மேல் ஏன் வேலை செய்யாது?

எல்லாரையும் ஆச்சரியப்படுத்துகிற விதி இது. ஹால் ஜோர்டனின் மோதிரத்துக்கு மஞ்சள் நிறப் பொருள் எதுவும் கட்டுப்படாது. மஞ்சள் சுவரைத் தகர்க்க முடியாது, மஞ்சள் குண்டைத் தடுக்க முடியாது. மையப் பேட்டரியில் ஒரு கலப்பு இருக்கிறது, அதை நீக்கினால் சக்தியே போய்விடும் என்று அன்று கதையில் காரணம் சொன்னார்கள். எழுதுபவர்களின் தேவையும் தெரிந்ததே: எல்லாம் செய்யும் மோதிரத்துக்கு ஒரு தடை வேண்டும், படத்தில் பார்த்தவுடனே புரிகிற தடையாக இருக்கவேண்டும்.

செட்டிநாட்டில் அந்த மனிதன் என்ன பாடுபடுவான் என்று யோசித்துப் பாருங்கள். ஆத்தங்குடித் தளத்தில் சிவப்புக் கல்லையும் பச்சைக் கல்லையும் பெயர்த்து எடுத்துவிடுவான். நடுவில் இருக்கும் மஞ்சள் கல் அசையாது. மாசி பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெரு முழுக்க மஞ்சள். அங்கே நெரிசல் ஏற்பட்டால் மஞ்சள் சேலை கட்டிய ஒருவரை அவனால் நேராகத் தாங்கிப் பிடிக்க முடியாது. அவர் நிற்கிற தரையோடு சேர்த்துத் தூக்கலாம். வேறு நிறத்துப் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து இடையில் வைக்கலாம். பழைய கதைகளின் சுவையே இந்தச் சுற்றுவழிகளில் இருக்கிறது: மோதிரம் நேராகச் செய்யாததை, மோதிரம் தூக்கிய பாறை செய்யும். மூளையைக் கசக்காமல் தப்பிக்க முடியாது.

இந்த விதியைப் பிள்ளைத்தனம் என்று தள்ளுபவர்கள் 1988-இல் ஜிம் ஸ்டார்லின் எழுதி மைக் மிக்னோலா வரைந்த காஸ்மிக் ஒடிசியைப் படிக்கவேண்டும். ஜான் ஸ்டூவர்ட் என்ற கிரீன் லேன்டர்ன், ஷான்ஷி கிரகத்தை அழிக்க வைத்த குண்டைத் தேடிப் போகிறான். உடன் வந்த நண்பனைத் துணை வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன் என்று அனுப்பிவிடுகிறான். மோதிரம் இருக்கும்போது என்ன குறை என்ற எண்ணம். போய்ப் பார்த்தால் குண்டுக்கு மஞ்சள் சாயம் பூசியிருக்கிறது. கிரகம் முழுவதும் அழிகிறது. அந்தப் பழியை அவன் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கதைகளில் சுமந்து திரிகிறான். விதியின் எளிமைதான் அந்தக் காட்சியைத் தாங்க முடியாததாக ஆக்குகிறது: ஒரு சாயம், ஒரு இறுமாப்பு, கோடிக்கணக்கான உயிர்கள்.

இப்போதும் மஞ்சள் விதி உண்டா?

பாதி உண்டு. 2004-இல் தொடங்கிய கிரீன் லேன்டர்ன்: ரீபர்த் தொடரில் ஜெஃப் ஜான்ஸ் அதற்குப் புதிய காரணம் கொடுத்தார். பச்சை என்பது மன உறுதியின் நிறம், மஞ்சள் பயத்தின் நிறம். பயத்தின் உருவமான பாரலாக்ஸ் என்ற ஜீவன் மையப் பேட்டரிக்குள் சிறைப்பட்டிருந்தது. கலப்பு என்று சொன்னது அதைத்தான். தன் பயத்தை உணர்ந்து அதை மீறுபவனுடைய மோதிரம் மஞ்சளின் மேலும் வேலை செய்யும். புதிதாகப் படையில் சேர்ந்தவர்கள் முதலில் தடுமாறுவார்கள்.

நாற்பத்தைந்து வருடப் பழைய விதியைத் தூக்கி எறியாமல், அதற்குள்ளேயே ஒரு அர்த்தத்தைக் கண்டெடுத்த வேலை இது. பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதைவிட இது கடினம்.

ஆலன் ஸ்காட்டுக்கும் மஞ்சள் ஆகாதா?

அவருக்கு மஞ்சள் ஒன்றும் செய்யாது. மரம்தான் ஆகாது. முதல் கதையிலேயே உலோகத்தால் அவரை ஒன்றும் செய்ய முடியாமல் போக, மரத்தடியால் அடித்து வீழ்த்துகிறார்கள்.

அப்படியென்றால் அவர் செட்டிநாட்டு வீட்டுக்குள் வந்தால்?

ஒரு பையன் கானாடுகாத்தானில் ஒரு முகப்பில் நின்றுகொண்டு கேட்ட கேள்வி. அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள், செதுக்கிய நிலை, கனத்த கதவு, பட்டாலையில் மர விதானம், உள்ளே ஊஞ்சல் பலகை, அடுப்படிப் பக்கம் உலக்கை. வீட்டுக்குள் இருப்பதால் மட்டும் அவர் சக்தி போய்விடாது. பறப்பார், சுவரைத் துளைப்பார், துப்பாக்கிக் குண்டைத் தடுப்பார். ஆனால் தேக்குத் தூண் ஒன்று அவர்மேல் சரிந்தால் பச்சை ஒளி அதைத் தாங்காது. தாழிட்ட தேக்குக் கதவை மோதிரத்தால் திறக்க முடியாது. சுவர் வழியாகத்தான் வெளியேறவேண்டும். வில்லனாக இருந்து அவரைப் பிடிக்கச் சொன்னால், நான் தேர்ந்தெடுப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைத்தான்.

மோதிரம் ஒன்றுதானே, ஆளுக்கு ஆள் ஒளியுரு ஏன் வேறுபடுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மோதிரத்துக்குக் கற்பனை கிடையாது. அணிந்தவனிடம் என்ன இருக்கிறதோ அதைத்தான் வெளியே கொண்டுவரும்.

ஹால் ஜோர்டன் விமானி. அவன் உருவாக்குவது பெரும்பாலும் நேரடியானது: ஒரு பெரிய முஷ்டி, ஒரு விமானம், வேகமாகச் செய்து முடிக்கிற காரியம். 1968-இல் வந்த கய் கார்ட்னர் முன்கோபி. அவன் மோதிரத்திலிருந்து எப்போதும் பொறி தெறித்துக்கொண்டிருக்கும். 1994-இல் வந்த கைல் ரெய்னர் ஓவியன். அவன் உருவாக்குவதில் கோடு மாறிக்கொண்டே இருக்கும், வரைந்ததைத் திருத்தித் திருத்தி மெருகேற்றுவான்.

டென்னி ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் 1971-இல் கொண்டுவந்த ஜான் ஸ்டூவர்ட் கட்டடக் கலைஞன். அவன் ஒரு கோபுரத்தை ஒளியால் எழுப்பினால் வெளித்தோற்றம் மட்டும் வராது. உள்ளே உத்தரம், ஆணி, திருகு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஒவ்வொன்றையும் மனத்தில் கட்டித்தான் வெளியே விடுகிறான். அதனால்தான் அது உறுதியாக நிற்கிறது. நம் ஊர்க் கொத்தனார்களும் மர ஆசாரிகளும் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இவன்மேல் தனிப் பிரியம் வரும். எந்தத் தூண் எவ்வளவு சுமக்கும் என்று தெரிந்தவன் கையில் மோதிரம் கிடைத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு விடை அவன். யார் சிறந்த கிரீன் லேன்டர்ன் என்ற சண்டையில் என் ஓட்டு எப்போதும் ஜானுக்கே.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்வேன்: மழையில் ஒழுகும் வீடு, உங்கள் கையில் மோதிரம், என்ன உருவாக்குவீர்கள்? சிலர் பெரிய குடை என்பார்கள். ஒருத்தி ஓட்டைப் பிரித்து எந்த ஓடு உடைந்தது என்று பார்ப்பேன் என்றாள். அவளிடம் உடனே கொடுக்கலாம்.

இறந்தவர்களை எழுப்ப முடியுமா?

முடியாது. ஹால் ஜோர்டனின் சொந்த ஊர் கோஸ்ட் சிட்டி. 1993-இல் வந்த கதையில் அந்த நகரம் எழுபது லட்சம் மக்களோடு அழிகிறது. அடுத்து வந்த கதையில் ஹால் இடிபாட்டின் நடுவில் நின்று, நகரத்தையே மோதிரத்தால் திரும்பக் கட்டுகிறான். தெரு, வீடுகள், இறந்துபோன அப்பா, அம்மா எல்லாம் பச்சையாய் வந்து அவனோடு பேசுகிறார்கள். பிறகு சார்ஜ் தீர்கிறது, எல்லாரும் மறைகிறார்கள். சொந்தக் காரியத்துக்கு மோதிரத்தைப் பயன்படுத்தியது குற்றம் என்று காவலர்கள் கணக்குக் கேட்க, அவன் மனம் முறிகிறது. அதன்பின் அவன் செய்ததை மன்னிக்க முடியாது. ஆனாலும் அந்த முதல் பக்கங்களை யாரால் குறைசொல்ல முடியும்? துக்கத்தில் இருப்பவன் தன்னிடம் உள்ளதை வைத்துத் திரும்பக் கட்டத்தான் பார்ப்பான்.

கொல்ல முடியுமா?

நெடுங்காலம் தடை இருந்தது. 2007-இல் சினெஸ்ட்ரோ மஞ்சள் மோதிரப் படையோடு போருக்கு வந்தபோது காவலர்கள் அந்தத் தடையை நீக்கினார்கள். நீக்கியது சரியில்லை என்பது என் எண்ணம். கதைகளும் அதற்குப்பின் இருண்டுபோயின.

எல்லா மொழியும் தெரியுமா? தமிழ்?

தமிழும் தெரியும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சொல்லுக்குரிய பொருளே எதிராளியின் உலகத்தில் இல்லாவிட்டால் மோதிரம் கைவிரித்துவிடும். ஆலன் மூர் எழுதி 1987-இல் வந்த ஒரு குட்டிக் கதையில், காட்மா டூயி என்ற லேன்டர்ன் ஒளியே இல்லாத இருள் வெளியில் வாழும் ராட் லாப் ஃபேன் என்ற ஜீவனைப் படையில் சேர்க்கப் போகிறாள். அவனுக்குப் பச்சையும் தெரியாது, விளக்கும் தெரியாது. கடைசியில் விளக்குக்குப் பதில் மணி, நிறத்துக்குப் பதில் ஒரு சுரம் என்று மாற்றிக் கொடுக்கிறாள். சில பக்கங்களே வரும் அந்தக் கதையை நான் சலிக்காமல் படிப்பேன்.

அணில் ஒன்று கிரீன் லேன்டர்ன் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சிப் என்று பெயர். பார்ப்பதற்கு அணில்தான், வீரத்தில் குறைவில்லை.

மற்ற நிறங்களில் மோதிரம் உண்டா?

உண்டு. சிவப்பு கோபம், ஆரஞ்சு பேராசை, மஞ்சள் பயம், நீலம் நம்பிக்கை, கருநீலம் கருணை, ஊதா காதல். இவற்றில் நீலத்தை மட்டும் கவனியுங்கள்: பச்சை மோதிரம் பக்கத்தில் இருந்தால்தான் நீலத்தின் முழு சக்தி வெளிப்படும். உறுதி இல்லாத நம்பிக்கையால் பயனில்லை என்று கதையே சொல்கிறது.

இவ்வளவு சக்தி இருந்தும் ஏழைகளுக்கு ஏன் உதவவில்லை?

இதே கேள்வியை 1970-இல் காமிக்ஸே கேட்டது. ஓ'நீலும் ஆடம்ஸும் செய்த கிரீன் லேன்டர்ன் 76-ஆம் இதழில், ஒரு வயதான கறுப்பின மனிதர் ஹால் ஜோர்டனை நிறுத்துகிறார். நீலத்தோல்காரர்களுக்கும் ஆரஞ்சுத்தோல்காரர்களுக்கும் எங்கெங்கோ கிரகங்களில் உதவினாயாமே, கறுப்புத் தோல்காரர்களுக்கு என்ன செய்தாய் என்று கேட்கிறார். ஹால் தலைகுனிகிறான். பதில் இல்லை.

அந்தக் கதையில் குடியிருப்பவர்களை வெளியேற்ற நினைக்கும் வீட்டுக்காரனிடம் சட்டம் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. முஷ்டி உருவாக்கினால் யாரை அடிப்பது? மஞ்சளைவிடப் பெரிய எல்லை அந்த இதழில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜான் ஸ்டூவர்ட் என்ற கறுப்பின லேன்டர்ன் வந்ததை நான் அந்தக் கேள்வியோடு சேர்த்தே படிக்கிறேன்.

முகமூடி மாயாவியின் மோதிரமும் இதுவும் ஒன்றா? (ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்த மாமாக்கள் கேட்பது)

சம்பந்தமே இல்லை. லீ ஃபால்க் 1936-இல் ஃபேன்டம் என்ற பெயரில் படைத்த அந்த வீரருக்கு மோதிரம் இரண்டு. ஒன்று குத்து வாங்கியவன் தாடையில் மண்டையோட்டு அடையாளத்தைப் பதிக்கும். இன்னொன்று அவர் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கான நல்ல அடையாளம். இரண்டிலும் எந்த அபூர்வ சக்தியும் கிடையாது. குத்து அவருடையது.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பெரியவர்கள் 1970-இன் 76-ஆம் இதழிலிருந்து தொடங்கி, பிறகு 2004-இன் ரீபர்த்துக்குத் தாவலாம். நடுவில் உள்ளதை அப்புறம் தேடிப் படித்தால் போதும். பிள்ளைகளுக்கு ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1985-இல் செய்த மோகோ கதையைக் கொடுங்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மோகோ யார் என்று படித்தவர்கள் படிக்காதவர்களிடம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.